இலைதானே என்னும் பிழை

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் அரங்கில் ஆற்றப்பட்ட உரை)

   

மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் நினைவுக்கு வரும். அதே மயிலையில் ஒரு காலத்தில், கடற்கரையை ஒட்டி, இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதருக்கும் கோயில் இருந்தது. கடல் ஏறி வருமென அஞ்சித் திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது என்பது தமிழ்ச் சமணர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அந்த மயிலைப் பெருமானை முன்னிட்டே.

நேமிநாதரின் வரலாறு யாவரும் அறிந்தது. மணக்கோலத்தில் தேரேறி வருகிறார். முன்னே மேளதாளம், பின்னே சுற்றமும் நட்பும், எதிரே மாலையுடன் காத்திருக்கும் இராஜிமதி. வழியில் ஒரு பட்டியில் விலங்குகள் அடைபட்டுக் கதறுகின்றன. விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்டவை என்று தேர்ப்பாகன் சொல்கிறான். அக்கணமே தேரைத் திருப்பச் சொல்கிறார் அந்த இளைஞர். ஊரே கூடி ஒரு திசையில் அழைக்கும்போது, தன்னந்தனியாக மறுதிசையில் திரும்புவதற்கு எத்தனை உறுதி வேண்டும்! இன்றைய உரையின் பொருளுக்கும் அந்த வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் கஞ்சாவைத் தொடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாமாகத் தேடிப் போவதில்லை. நண்பர் கூட்டம் நீட்டுகிறது. மறுக்கத் துணிவில்லாமல் வாங்குகிறார்கள்.

இலைதானே என்னும் வாதம்

“இலைதானே அம்மா? புகையிலையைப் போல ஒரு செடி. இதில் உயிர்க்கொலை எங்கே இருக்கிறது?” இப்படி ஒரு பிள்ளை கேட்டால் சமணக் குடும்பத்துத் தாய் என்ன விடை சொல்வாள்? கிழங்கு வகைகளை விலக்கி, பொழுது சாயுமுன் உண்டு, நீரையும் வடிகட்டிப் பருகும் மரபில் வந்தவள் அவள். மதுவை ஏன் விலக்க வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்: புளித்துப் பொங்கும் பொருளில் எண்ணற்ற சிற்றுயிர்கள் தோன்றி மடிகின்றன, ஆகவே அது கொலைக்கு உடன்படுவது. ஆனால் கஞ்சா புளிப்பதில்லை. வடநாட்டிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய குடும்பங்களில், ஹோலியன்றும் சிவராத்திரியன்றும் அக்கம்பக்கத்தார் பாங்கு அரைத்துக் குடித்ததைப் பாட்டனார் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டும் இருப்பாள். எனவே அவள் சற்றுத் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தையே பிள்ளை சம்மதமாக எடுத்துக்கொள்கிறான்.

மதுவிலக்குக்குச் சமண ஆசிரியர்கள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்றை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மற்றொன்று மறந்துபோயிற்று. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறக்கப்பட்ட காரணத்தையே முதலில் வைக்கிறார்: மது மனத்தை மயக்கும், மயங்கிய மனம் அறத்தை மறக்கும், அறத்தை மறந்தவன் அச்சமின்றி இம்சை செய்வான். உமாஸ்வாமிகளும் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது ‘பிரமாதம்’ என்னும் சொல்லை அடிப்படையாக நிறுத்துகிறார். பிரமாதம் என்றால் விழிப்பின்மை, கவனம் தவறிய நிலை. விழிப்பிழந்த நிலையில் உயிர்க்கு இழைக்கும் ஊறே இம்சை. அவ்வுயிர் பிறர் உயிராகவும் இருக்கலாம். தன் உயிராகவும் இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தால் விடை எளிது. “இலைதான், மகனே. ஆனால் விழிப்பைக் கெடுக்கும் இலை. விழிப்பைக் கெடுப்பது எதுவாயினும், அது நொதித்த நீராயினும் உலர்ந்த பூவாயினும், அணுவிரதிக்கு ஆகாதது.” திருக்குறள் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்ததும் அறிவழியும் இழிவை உணர்த்தவே.

உடல் சொல்லும் செய்தி

சாத்திரம் சொன்னதை இனி விஞ்ஞானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கஞ்சா என்பது சணல் வகையைச் சேர்ந்த கன்னாபிஸ் செடியின் பூவும் காயும் விட்ட நுனி. அதன் பிசினைத் திரட்டி எடுப்பது சரஸ். மயக்கம் தரும் முதன்மைப் பொருள் டி.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. அதைத் தனியே பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளிப்படுத்தியவர்கள் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான மெச்சூலமும் கவோனியும். மனித மூளையில் இப்பொருள் போய் அமர்வதற்கு இடம் ஏன் இருக்கிறது என்று தேடியபோது, மூளை தானாகவே அதையொத்த ஒரு பொருளைச் சுரப்பது 1992இல் தெரியவந்தது. மெச்சூலமின் ஆய்வுக்கூடத்தார் அதற்கு இட்ட பெயர் ஆனந்தமைடு. ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லை எடுத்தே அப்பெயரை அமைத்தார்கள். பசி, உறக்கம், நினைவு, அச்சம், மகிழ்ச்சி ஆகியவற்றைச் சமன்செய்யும் ஏற்பாட்டில் அதற்கும் பங்குண்டு.

கடையிலா இன்பம் உயிரின் இயல்பான குணம் என்று கூறும் சமயத்தவர்க்கு இது வியப்பளிக்காது. மகிழ்வதற்கு வேண்டிய கருவிகளை உடலும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கஞ்சா அந்தக் கருவிகளின் மேல் வெளியிலிருந்து வெள்ளமாகப் பாய்கிறது. தொடர்ந்து பாய்ந்தால் உள்ளே இருக்கும் ஏற்பிடங்கள் குறைகின்றன. பிறகு இயல்பான மகிழ்ச்சிகள் சுவைப்பதில்லை. கிரிக்கெட் பிடிக்கவில்லை, இசை பிடிக்கவில்லை, அம்மா செய்த பண்டமும் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

பெரியவர்களைவிட இளையோர்க்கு இது ஏன் மிகக் கொடியது? மனித மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்கிறது. எண்ணித் துணிவதற்கும், பின்விளைவை எடைபோடுவதற்கும், ஆசையை அடக்குவதற்கும் உரிய முன்மூளைப் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. சுவர் ஈரமாக இருக்கும்போது பதிந்த கைத்தடம் காய்ந்தபின் போவதில்லை. பயன்படுத்துவோர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்பது பேர் கஞ்சாவுக்கு அடிமையாகின்றனர். பதின்பருவத்தில் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்குப் பதினேழாகிறது, அதாவது ஆறு பேருக்கு ஒருவர். இம்மதிப்பீடு மருத்துவ உலகில் பெரிதும் எடுத்தாளப்படுவது.

மனநோயைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சுவீடனில் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தோர்க்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைப் போல் ஆறு மடங்கு இருந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. பதினைந்து வயதுக்குள் தொடங்கியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இருபத்தாறு வயதில் மனச்சிதைவையொத்த குறிகள் காணப்பட்டன; ஏனையோரில் அது நூற்றுக்கு மூன்று. கஞ்சா தொட்டவரெல்லாம் சித்தம் கலங்கிவிடுவர் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோர்க்கு அப்படி நேர்வதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையின் குருதியில் அந்நோய்க்கான விதை உறங்குகிறது என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய சோதனை எதுவும் இல்லை. பெற்றோரோ உடன்பிறந்தாரோ மனச்சிதைவால் துன்புற்ற குடும்பமாயின் ஆபத்து இன்னும் மிகுதி.

இதனை ஏன் அளந்து சொல்ல வேண்டும் என்றால், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “ஒருமுறை இழுத்தால் செத்துப்போவாய்” என்று பெரியவர் மிரட்டுகிறார். இழுத்த நண்பன் மறுநாள் பள்ளிக்கு நலமாக வந்து நிற்கிறான். அத்துடன் பெரியவரின் மற்ற எல்லாச் சொல்லும் பொய்யாகிவிடுகிறது.

“அது மருந்துதானே?” என்பது அடுத்த கேள்வி. கஞ்சாச் செடியிலுள்ள வேறொரு பொருளான சி.பி.டி. தூய்மையாக்கப்பட்டு, குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அது மயக்கம் தருவதன்று. மருத்துவர் அளந்து தருவது. அதைக் காட்டிப் புகையை நியாயப்படுத்துவது பொருந்தாது. “வெளிநாட்டில் சட்டப்படி விற்கிறார்களே?” என்பது மற்றொரு கேள்வி. கனடா 2018 அக்டோபரில் அனுமதித்தது. ஆயினும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு விற்பவருக்குப் பதினான்கு ஆண்டுகள்வரை சிறை உண்டு. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு அனுமதித்த மாநிலங்கள் இருபத்தொரு வயதை எல்லையாக வைத்துள்ளன. தாராளமாகத் திறந்துவிட்ட நாடுகளும் பதின்பருவத்தாருக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கின்றன.

இந்நாளில் இன்னொரு வஞ்சகமும் சேர்ந்துள்ளது. கஞ்சா சாக்லேட் என்ற பெயரில் பொட்டலங்கள் பிடிபடும் செய்திகள் சென்னை நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தெரியும். ஒன்றும் ஆகவில்லையே என்று பிள்ளை மற்றொன்றையும் தின்பான். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், பேரச்சம் பிடிக்கும், இல்லாதது தோன்றும். கண்ணுக்குத் தெரிந்த தீனியாகவும், சைவ உணவாகவும் இருப்பதால் பெற்றோருக்கு ஐயமும் எழாது.

சட்டம் சொல்லும் செய்தி

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாள் குழந்தைகள் நாள் என்பது தற்செயலாக அமைந்தது. பூவோ காயோ விட்ட நுனியைத்தான் அச்சட்டம் கஞ்சா என்கிறது. நுனி கலவாத தனி இலை அந்த வரையறைக்குள் வராது. வடநாட்டு மாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருப்பது அதனால்தான். ‘இலைதானே’ என்னும் பேச்சுக்கும் அதுவே வேர். ஆனால் சென்னைத் தெருவில் பொட்டலமாக விற்பது இலையன்று, பூநுனி.

ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது பதினேழு. தியாகராய நகரில் நீட் பயிற்சிக்குச் செல்கிறான். மாலையில் நண்பனின் மோட்டார் சைக்கிளில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகிறான். சட்டைப் பையில் சிறு பொட்டலம். அதுவும் மற்றொருவனுக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. அவன்மேல் எத்தனை சட்டப் பிரிவுகள் பாய முடியும்?

வைத்திருப்பது குற்றம். 1,000 கிராம்வரை ‘சிறு அளவு’. அதற்கு ஓராண்டுவரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், 20 கிலோ என்னும் வணிக அளவை எட்டாதவரை, பத்தாண்டுவரை சிறையும் ஒரு லட்சம்வரை அபராதமும். வணிக அளவாயின் குறைந்தது பத்தாண்டு, மிகுந்தால் இருபதாண்டு. பிணை கிடைப்பதும் மிக அரிது. புகைப்பது தனிக் குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ பத்தாயிரம்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நண்பனுக்கு ‘வாங்கிக் கொடுத்தேன்’ என்பதும் சட்டத்தின் கண்ணில் விற்பனைக்கு நிகரான கைமாற்றமே. தெரிந்தே தன் அறையையோ வண்டியையோ இதற்கு விட்டுக்கொடுத்தவனும் குற்றவாளி. வண்டி பறிமுதல் ஆகலாம். “எனக்குத் தெரியாது” என்று சொன்னால், தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் சொன்னவன் தலையில் விழும். வேறு பொருளோடு கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையே கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சாக்லேட்டில் கஞ்சா கொஞ்சம்தான் என்பதும் காப்பாற்றாது.

பதினெட்டு நிறையாதவன் என்பதால் அந்த மாணவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். தண்டிப்பதைவிடத் திருத்துவதே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கம். அவன் பெயரையோ படத்தையோ எவரும் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்தபின் அதன் கறை அவன் படிப்பையும் வேலையையும் தொடராதபடி அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் பதினாறு வயது நிறைந்தவன் வணிக அளவில் சிக்கினால், வயதுவந்தோனாகவே கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள் அதே பொட்டலம் கையில் இருந்தால் இக்காப்பு எதுவும் இல்லை.

அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் பிள்ளைகள் அறிதல் நன்று. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும், குழந்தையைக் கொண்டு அதைச் சுமக்கவோ விற்கவோ செய்பவருக்கும் ஏழாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம்வரை அபராதமும் உண்டு. “இந்தப் பையை அந்த அண்ணனிடம் கொடுத்துவிட்டு வா, ஐந்நூறு ரூபாய் தருகிறேன்” என்று இனிக்கப் பேசுபவன், தான் தப்பிக்கச் சிறுவனை முன்னிறுத்துகிறான்.

அயல்நாட்டுப் படிப்பை நாடும் குடும்பங்கள் இச்சமூகத்தில் பல. அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கப்படலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாக் கடத்தலுக்கு மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்னும் 46 வயதுத் தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தும் சதியில் பங்கு கொண்டார் என்பது வழக்கு. அந்தப் பொதி அவர் கையில் பிடிபட்டதில்லை. இரண்டு தொலைபேசி எண்கள் அவரை அதனோடு பிணைத்தன. அத்தண்டனை முறையா என்று உலகெங்கும் வினா எழுந்தது. எவ்வுயிரையும் கொல்லலாகாது என்னும் அறத்தில் நிற்போர் அதனை ஒப்ப இயலாது. ஆயினும் கைப்பேசியில் நான்கு வரிச் செய்தி அனுப்புவது விளையாட்டு என்று நினைக்கும் இளைஞன் அதைத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியச் சட்டத்திலும் சதிக்கும் உடந்தைக்கும் அதே தண்டனைதான்.

அடையாற்றில் திறந்த கதவு

இவ்வளவு ஆபத்தும் தெரிந்த பின்னரும் ஒரு பிள்ளை தவறிவிட்டால் குடும்பம் என்ன செய்கிறது? இன்றைய அரங்கின் உண்மையான கேள்வி இதுவே.

பெரும்பாலும் மறைக்கிறது. தமக்கைக்கு வரன் பார்க்கும் நேரம். தந்தைக்குக் கடைவீதியில் நல்ல பெயர். பாட்டியார் மாசக்கமணத் தவம் இருந்தவர். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, பையனை அடித்துப் பூட்டி வைப்பது ஒரு வழி. வெளியூரில் உறவினர் கடைக்கு அனுப்பிவிடுவது மற்றொரு வழி. இரண்டாலும் நோய் தீர்வதில்லை. அது கண்ணுக்கு மறைவாகப் போகிறது, அவ்வளவே.

மானம் என்னும் சொல்லைச் சென்னையில் ஒரு பெண்மணி வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். நாடறிந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். அவர் கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் மறைந்தார். அத்தகைய குடும்பம் அதை வேறு நோயென்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கணவர் பெயரிலேயே 1980இல் போதை நோய்க்கான ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இன்று டி.டி.கே. மருத்துவமனையாக விளங்குவது அதுதான். போதை அடிமைத்தனம் ஒழுக்கக்கேடு அன்று, நோய்; அதற்குச் சிகிச்சை உண்டு; நோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் ஆலோசனை வேண்டும் என்பது அங்கே கடைப்பிடிக்கப்படும் நெறி. 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவரைத் தேடி வந்தன. தம் வீட்டுத் துயரை அவர் மறைத்திருந்தால் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிந்திருக்காது.

சட்டமும் அதே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பெற்றோர் அனைவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளானவராயினும், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற சிகிச்சை நிலையத்துக்குத் தாமாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவர்மேல் வழக்குத் தொடரப்படுவதில்லை. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் விலகும். ஆக, மறைக்கும் குடும்பம் அச்சத்தால் எதை இழக்கிறதோ, அதைச் சட்டமே முன்வந்து அளிக்கிறது.

உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர்? நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் நாடு முழுதும் ஏறத்தாழ 3.1 கோடி, அதனால் உண்டான சிக்கலுக்கு உதவி வேண்டியோர் ஏறத்தாழ 72 லட்சம். பள்ளிப் பிள்ளைகளிடையே போதை பரவுவதைக் குறித்து 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய கணக்கெடுப்புக்கும் செயல்திட்டத்துக்கும் ஆணையிட்டதன் பின்னணியில் நிகழ்ந்தது அது. எண் பெரிது, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த எண் ஒன்றே ஒன்றுதான்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, கவனிப்பு. சிவந்த கண், திடீரென்று கண்ணில் விடும் சொட்டு மருந்தின் மேல் வந்த நாட்டம், அறையில் எப்போதும் ஊதுவத்தி மணம், பழைய நண்பர் விலகிப் புதியவர் வருதல், மதிப்பெண் சரிவு, பணக் கணக்கில் குழப்பம், பொழுதுக்கும் உறக்கம் அல்லது உறக்கமே இன்மை. இவற்றுள் ஒன்றை வைத்து முடிவு கட்டலாகாது. பருவத்தின் இயல்பாகவும் இருக்கலாம். பல சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் பேச வேண்டும்.

இரண்டாவது, பேசும் முறை. சினத்தோடு இரவில் பேசலாகாது. மயக்கத்தில் இருக்கும்போதும் பேசலாகாது. காலையில், தனியே, குரல் உயர்த்தாமல் கேட்க வேண்டும். ‘ஏன் செய்தாய்’ என்பதைவிட ‘எப்போது தொடங்கியது, அப்போது என்ன துன்பம் இருந்தது’ என்பது நல்ல கேள்வி. தேர்வு அச்சமும் தனிமையும் கேலியும் பல பிள்ளைகளை அங்கே தள்ளுகின்றன.

மூன்றாவது, சிகிச்சை. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் தோன்றும். முதல் வாரத்தில் கடுமையாகி இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அக்காலத்தில் பிள்ளை கத்தினால், திமிர் என்று கொள்ளாமல் நோய் இறங்குகிறது என்று கொள்ளவேண்டும். கஞ்சா அடிமைத்தனத்துக்கெனத் தனி மாத்திரை எதுவும் இல்லை. முறையான உளவியல் ஆலோசனையே மருந்து. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் உதவி உண்டு. நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. குழந்தைகள் உதவி எண் 1098. போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் தர 1933. தந்தையாரின் கைப்பேசியில் மட்டுமன்றிப் பிள்ளையின் கைப்பேசியிலும் இவை இருக்கட்டும்.

நான்காவது, வீட்டின் நடத்தை. திருமண விருந்தில் மதுக்கிண்ணத்தை ‘தொழில் நிமித்தம்’ என்று தொடும் தந்தை, மகனுக்குச் சொல்லும் அறவுரை சுவரில் எறிந்த பந்துபோல் திரும்பி வரும். ஆசாரிய துளசி 1949இல் தொடங்கிய அணுவிரத இயக்கம், போதையற்ற வாழ்வை இளையோர்க்கு மட்டும் விதிக்கவில்லை. எல்லார்க்கும் உரிய உறுதிமொழியாகவே வைத்தது.

தேரைத் திருப்பும் துணிவு

இளஞ்செல்வங்களே! நிறைவாக ஒரு சொல் உங்களுக்கு. நண்பர் நீட்டும்போது மறுப்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. “வேண்டாம், எனக்குப் பழக்கமில்லை” என்பது போதும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாம் முறை சிரிப்பு குறையும். மூன்றாம் முறை கேட்கவே மாட்டார்கள். கூட்டத்தில் எவனாவது ஒருவன், தானும் மறுக்க விரும்பித் துணிவின்றி இருந்தவன், அன்று உங்களைப் பார்த்துத் தப்பிப்பான்.

முன்னமே தொட்டுவிட்டவர் எவரேனும் இந்த அவையில் இருந்தால், அவர் வெட்கித் தலைகுனிந்து அமர்ந்திருக்க வேண்டியதில்லை. செய்த பிழையை நாள்தோறும் உணர்ந்து, உரியவரிடம் சொல்லி, மீண்டும் செய்யாதிருப்பதற்குச் சமணம் பிரதிக்கிரமணம் என்று பெயர் வைத்து, அதை அன்றாடக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. பிழை நேராது என்று நம்பியிருந்தால் அப்படி ஒரு கடமையை முன்னோர் வகுத்திருக்க மாட்டார்கள். இன்றிரவே தாயிடமோ தந்தையிடமோ சொல்லலாம். அவர்களிடம் சொல்லக் கூச்சமானால் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். அதைக் கேட்கும் பெற்றோர்களே! பிள்ளை வாய் திறக்கும் அந்த ஒரு கணத்தில் உங்கள் கை ஓங்காதிருக்கட்டும். அந்தக் கை ஓங்கினால் அவன் வாய் மறுபடி திறக்காது.

நேமிநாதர் தேரைத் திருப்பியது மணப்பந்தலுக்கு மிக அருகில் வந்த பிறகுதான். நெடுந்தொலைவு வந்துவிட்டோம், இனி எப்படித் திரும்புவது என்று அவர் எண்ணவில்லை. எவ்வளவு தொலைவு வந்திருந்தாலும் தேரைத் திருப்பலாம்.

வாழ்க அகிம்சை! வளர்க விழிப்பு! ஜெய் ஜினேந்திரா!